விமான உலோகம் வீடான வரலாறு

திருப்பதியை அடுத்த சந்திரகிரிக் கோட்டையில் விசயநகர அரசர் எழுப்பிய ராஜ மகாலின் கட்டுமானத்தில் மரம் பயன்படுத்தப்படவில்லை. கல், செங்கல், சுண்ணச்சாந்து ஆகியவற்றாலேயே அதன் மூன்று தளங்களும் நிற்கின்றன. தூலமும் உத்தரமும் இன்றி மாளிகை இல்லை என்னும் வழக்கை அது மறுக்கிறது. வீட்டுக்குரிய பொருள் எது என்று மரபு வகுத்த எல்லை இவ்வாறு பலமுறை மீறப்பட்டுள்ளது. போர் விமானங்களின் உலோகத்தால் வீடு கட்டியது, இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த அத்தகைய மீறலாகும்.

இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சு பிரிட்டனில் பெரும் வீட்டுப் பஞ்சத்தை உண்டாக்கியது. செங்கல்லுக்கும் மரத்துக்கும் கட்டடத் தொழிலாளருக்கும் தட்டுப்பாடு நிலவியது. மறுபுறம், போர் முடிந்தால் வேலையிழக்கக்கூடிய விமானத் தொழிற்சாலைகளும், உருக்கிப் பயன்படுத்தத்தக்க விமானக் கழிவு அலுமினியமும் இருந்தன. 1944ஆம் ஆண்டின் தற்காலிகக் குடியிருப்புச் சட்டம் இவ்விரண்டையும் இணைக்க வழி திறந்தது. 'ஏரோ' எனப்பட்ட அலுமினிய வீடு தொழிற்சாலையிலேயே நான்கு பகுதிகளாகச் செய்யப்பட்டு, லாரியில் கொண்டுவரப்பட்டு, அடித்தளத்தின்மேல் பொருத்தப்பட்டது. சமையலறையும் குளியலறையும் முன்பே அமைந்திருந்தன. இவ்வகையில் ஏறத்தாழ 54,500 வீடுகள் எழுந்தன. குறுகிய காலத்துக்கெனத் திட்டமிடப்பட்ட அவற்றுள் பல, குறித்த காலத்தையும் கடந்து நிலைத்தன. 1948இல் கார்டிஃப் நகரில் நிறுவப்பட்ட ஒரு வீடு இன்று வேல்சின் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்தியாவில் விமானக் கழிவு வேறு வழியில் சென்றது. போருக்குப்பின் கான்பூரில் கைவிடப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள், மீண்டும் பறக்காதவாறு சிதைக்கப்பட்டிருந்தன. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் 1948 முதல் அவற்றுள் சுமார் 40 விமானங்களைச் சீரமைத்தது. அவை 1968 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றின. அதே நிறுவனம் ரயில் பெட்டிகளையும் கட்டியது.

பிரிவினையால் இலட்சக்கணக்கானோர் வீடிழந்திருந்த காலம் அது. ஆயினும் இங்கு அவ்வுலோகம் கூரையாகவில்லை என்பதைக் கற்பனைக் குறைவாகக் கொள்ளலாகாது. பிரிட்டனில் விமானங்கள் தேவைக்கு மிஞ்சியிருந்தன. புதிதாக விடுதலை பெற்ற இந்தியாவுக்கோ விமானமே பற்றாக்குறை. மேலும், அலுமினிய வீட்டின் செலவு மதிப்பீட்டைவிட மிகுந்தது. அதனைப் பிரிட்டிஷ் அரசே ஏற்றது. அத்தகைய செலவைத் தாங்கும் நிலையில் அன்றைய இந்தியா இல்லை.

எனவே, பழைய விமானத்தில் அமைந்த வீடுகளை இன்று வியக்கும் ஆய்வாளர், வடிவத்தின் புதுமையோடு நின்றுவிடாமல், அங்கே எது மிகுதியாயிருந்தது, எது அரிதாயிருந்தது, செலவை யார் சுமந்தார் என்னும் வினாக்களையும் எழுப்ப வேண்டும். சந்திரகிரியின் மரமற்ற மாளிகையை ஆராய்வோருக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.