பழைய நிலைக்குத் திரும்பும் கணினி: ஒரு சிறு வரலாறு



பள்ளிக் கணினிக்கூடத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள் இதனை நன்கு அறிவர். காலையில் சீராக இயங்கிய கணினி, நண்பகலுக்குள் நச்சுநிரலோடும் மாறிப்போன அமைப்புகளோடும் முடங்கி நிற்கும். "எதையும் தொடாதே" என்று தடுத்தால் மாணவர் கற்பது எங்ஙனம்? இக்கேள்விக்குக் கணினித்துறை கண்ட விடைகளுள் ஒன்று மெய்நிகர் கணினி. ஒரு கணினிக்குள் மென்பொருளின் துணையால் மற்றொரு கணினியை இயக்குவதே அது.

இதன் வரலாறு நாம் எண்ணுவதைவிடப் பழையது. 1960-களில் கணினியின் விலை மிக அதிகம். ஒன்றையே பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில், இராபர்ட் கிரீசி தலைமையிலான குழு 1964-இல் இதற்கான பணியைத் தொடங்கியது. அக்குழு உருவாக்கிய சிபி-40 என்னும் அமைப்பு 1967-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்வழி ஒரே பொறியில் 14 மெய்நிகர் கணினிகள் வரை இயங்கின. ஒருவர் தம் கணினியைக் குழப்பினாலும் அடுத்தவருடையது பாதிப்புறாது. 1972-இல் ஐபிஎம் இதனை விஎம்/370 என்னும் பெயரில் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது.

மேசைக் கணினிக்கு இவ்வசதி வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. அதன் எக்ஸ்86 வகைச் செயலியின் சில கட்டளைகள் இம்முறைக்கு இணங்கவில்லை. 1998-இல் தோன்றிய விஎம்வேர் நிறுவனம், அக்கட்டளைகளை ஓடும்போதே மாற்றி அமைக்கும் உத்தியால் தடையைக் கடந்து, 1999-இல் தன் மென்பொருளை வெளியிட்டது. 2003-இல் வந்த அதன் நான்காம் பதிப்பில் 'ஸ்னாப்ஷாட்' வசதி இடம்பெற்றது. 2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பல ஸ்னாப்ஷாட்டுகளை எடுத்து வைக்க முடிந்தது. 2007-இல் விர்ச்சுவல்பாக்ஸ் திறமூல வடிவில் கிடைத்தபோது, பணவசதி குறைந்த பள்ளிகளுக்கும் இக்கதவு திறந்தது.

ஸ்னாப்ஷாட் என்பது என்ன? வகுப்பில் நிலப்படத்தின் மேல் நெகிழித்தாளை விரித்து, அதில் மாணவரை எழுதச் சொல்வோம் அல்லவா? தாளை எடுத்துவிட்டால் நிலப்படம் கறைபடாமல் இருக்கும். அதுபோலவே, ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்தில் மெய்நிகர் வன்தட்டு அப்படியே நிறுத்தப்படுகிறது. அதன்பின் நிகழும் மாற்றங்கள் யாவும் தனிக்கோப்பில் எழுதப்படுகின்றன. பழைய நிலைக்குத் திரும்பும்போது அக்கோப்பு கைவிடப்படுகிறது. கணினி சில நொடிகளில் தூய்மை பெறுகிறது.

நான் பணியில் சேர்ந்த புதிதில் இவ்வசதியில் பெரிதும் மகிழ்ந்தேன். தவறு செய்ய அஞ்சிய மாணவர்கள் துணிவோடு விசைகளைத் தட்டினர். ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பினேன். திங்கட்கிழமை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஆசிரியர், என் கதையைக் காணோம்" என்றாள். மூன்று வாரங்களாக அவள் தட்டச்சு செய்த கதை அது. நச்சுநிரலை நீக்கிய அதே கை அவளது உழைப்பையும் நீக்கிவிட்டது. தவறு கணினியுடையதன்று; என்னுடையது.

நெகிழித்தாளை எடுக்கும்போது கறையோடு எழுத்தும் போய்விடும். ஸ்னாப்ஷாட்டுக்கு நல்லது கெட்டது தெரியாது. மேலும், அது காப்புப்படியும் ஆகாது. அடிப்படை வன்தட்டுக் கோப்பு பழுதானால் அதனைச் சார்ந்த ஸ்னாப்ஷாட்டும் பயனற்றுப்போகும். அன்றுமுதல், மாணவர் படைப்புகளை மெய்நிகர் கணினிக்கு வெளியே உள்ள கோப்புறையிலும் விரலியிலும் சேமித்த பின்னரே பழைய நிலைக்குத் திருப்புகிறேன்.

அம்மாணவி தன் கதையை மீண்டும் எழுதினாள். நினைவிலிருந்து எழுதியதால் முடிவு மாறியிருந்தது. முதல் கதை எப்படி முடிந்தது என்று கேட்டேன். "மறந்துவிட்டது, ஆசிரியர்" என்றாள்.

பெற்றோர்களே, வீட்டுக் கணினியைத் தூய்மைப்படுத்தும் முன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இதில் உன்னுடையது ஏதேனும் இருக்கிறதா?"