தறவாடும் காவும்

மத்திய கேரளத்தின் பழைய நாயர் வீடுகளில் கணவன் விருந்தாளிதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வருவார், விடிந்ததும் காலை உணவுக்கு முன்பே கிளம்பிவிடுவார். இந்த உறவுக்குப் பெயர் 'சம்பந்தம்'. ஒரு பெண்ணுக்கு ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சம்பந்தக்காரர்கள் இருந்ததுண்டு. வாசலில் சார்த்திய ஆயுதத்தைக் கண்டால், பின்னால் வந்தவர் உள்ளே நுழையமாட்டார். பிள்ளைப்பேற்றுச் செலவை ஏற்றவரே தகப்பன் என்று அறியப்பட்டார். பிள்ளையோ தாயின் கூட்டுக்குடும்பமான தறவாட்டுக்கு உரியது. அதிகாரம் மூத்த தாய்மாமனான காரணவரிடம்.

இது கல்யாணமா, இல்லையா? 1940களின் பிற்பகுதியில் கேரளத்தில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப், 1959இல் எழுதிய கட்டுரையில் கல்யாணமே என்று வாதிட்டார். மானிடவியலாளர்கள் திருமணத்துக்கு வைத்திருந்த இலக்கணமே அதில் ஆட்டம் கண்டது.

அக்கால நம்பூதிரிப் பிராமணர் இல்லங்களில் மூத்தவன் மட்டும் சொந்தச் சாதியில் மணப்பான். தம்பிகளுக்கு நாயர் வீட்டுச் சம்பந்தம். அந்தப் பிள்ளைகளுக்கு இல்லத்தில் பங்கு கிடையாது, நிலமும் சிதறாது. ஆசாரம் என்று சொல்லப்பட்டதற்குள் சொத்துக் கணக்கும் இருந்தது.

தறவாட்டு நிலத்தையும் அன்று லேசில் பங்கு போட முடியாது. அந்த வளவின் ஒரு மூலையில், பெரும்பாலும் தென்மேற்கில், நாகங்களுக்கென விட்ட தோப்பான சர்ப்பக்காவு இருந்தது. அங்கே கிளை ஒடிக்கக் கூடாது. அந்திக்கு விளக்கு வைக்க மட்டும் ஆள் போவார்கள். பாம்பின் மீதிருந்த பயம் பாலையையும் எட்டியையும் காத்தது என்பது பாதிதான் உண்மை. விற்க எவருக்கும் தனியுரிமை இல்லாததும் காவைக் காத்தது.

சம்பந்தத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர முயன்றவர் சென்னை வழக்கறிஞர் சங்கரன் நாயர். அதை ஆராய 1891இல் அமைந்த மலபார் திருமணக் குழுவுக்குத் தலைவர், சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர். குழுவில் இருந்த 'இந்துலேகா' நாவலாசிரியர் சந்துமேனன், சம்பந்தம் ஏற்கெனவே கல்யாணம்தான் என்று மாற்றுக் கருத்து எழுதினார். சம்பந்தத்தைத் திருமணமாகப் பதிவு செய்ய 1896இல் சட்டம் வந்தது. பதிவு செய்தவர்களோ மிகக் குறைவு. திருவிதாங்கூரில் 1925இலும் மலபாரில் 1933இலும் வந்த சட்டங்கள் பாகப்பிரிவினைக்கு வழி திறந்தன.

அந்த மாற்றம் தேவைதான். சொத்து மருமக்களுக்குப் போகும் முறையில் மனைவியும் மக்களும் பட்ட பாட்டை அறிய, கவிமணியின் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியமே போதும். ஆனால் நிலம் பங்கானபோது காவும் பங்கானது. 1976 டிசம்பரில் கேரளம் கூட்டுக்குடும்ப முறையையே சட்டத்தால் ஒழித்தது. இன்று காவை அகற்ற நினைப்பவர்கள் நாக வழிபாட்டுக்குப் பேர்பெற்ற பாம்புமேக்காட்டு மனையாரை அழைத்து, நாகங்களை வேறிடத்துக்கு ஆவாகனம் செய்துவிட்டு, மரங்களை வெட்டுகிறார்கள்.