பழைய பிக்கப் வண்டிகளில் எஞ்சின் சூடும் அதைக் கண்டறியும் முறைகளும்: ஒரு வரலாறு

பெட்ரோல் எஞ்சின் ஒரு வெப்ப எந்திரம். எரிபொருளில் உள்ள ஆற்றலில் சிறு பகுதிதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரு பெரும் பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரின் மூலம் வெளியேற்றப்படுகிறது. இந்த மூன்றாவது வழி அடைபட்டால் சிலிண்டர் ஹெட் வளையும், பிஸ்டன் இறுகும், இரும்பு பிளாக்கிலும் விரிசல் விழலாம்.

அமெரிக்காவில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபோர்டு பிக்கப் வண்டிகளில் எஞ்சின் சூடாவது அடிக்கடி பேசப்படும் கோளாறு. தெர்மோஸ்டாட், பம்ப், ரேடியேட்டர் என்று காரணம் தெரியாமலேயே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்கள் பலர். ஆனால் குளிர்விப்பு அமைப்பின் ஒவ்வோர் உறுப்பும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு குறையைத் தீர்ப்பதற்காகச் சேர்க்கப்பட்டது. எந்த உறுப்பு எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்று அறிந்தால், அது கெட்டுப்போகும்போது என்ன அறிகுறி தோன்றும் என்பதும் விளங்கும்.

கொதித்து வற்றிய நீர்

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ஒரே ஒரு சிலிண்டர் இருந்தது. அதைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுசென்றது. நீர் வற்ற வற்ற மீண்டும் ஊற்ற வேண்டும். 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அவ்வகை வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழியில் பல இடங்களில் நிறுத்தி நீர் நிரப்ப வேண்டியிருந்தது.

நீரை இழக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டுமானால் அதைக் காற்றில் ஆறவைக்க வேண்டும். வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்து 1900–1901-இல் வெளிவந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில், 8,000-க்கும் மேற்பட்ட சிறு குழாய்களை அடுக்கிய தேன்கூட்டு ரேடியேட்டர் பொருத்தப்பட்டது. காற்று படும் பரப்பு பெருகியதால் குறைந்த அளவு நீரே போதுமானதாயிற்று. பிற்கால ரேடியேட்டர்களின் அடிப்படையும் இதுவே.

தானே சுற்றிய நீர்

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை தயாரித்த மாடல் டி வண்டியில், தொடக்கத்தில் வந்த சிலவற்றைத் தவிர, நீரைத் தள்ளப் பம்ப் கிடையாது. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே எழும். ரேடியேட்டரில் ஆறிய நீர் கனத்துக் கீழே இறங்கும். இந்த வேறுபாட்டால் நீர் தானாகவே சுற்றி வந்தது. இதற்குத் தெர்மோசைஃபன் முறை என்று பெயர்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மேல் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் சுற்று அறுந்துவிடும். உள்ளே நீர் மிச்சம் இருந்தும் எஞ்சின் கொதிக்கும். 'முதலில் நீர்மட்டத்தைப் பார்' என்ற விதி இன்றும் எல்லாச் சோதனைகளுக்கும் முதலில் வருகிறது.

1925-இல் ஃபோர்டு இந்த மாடல் டி வண்டியின் பின்புறத்தில் சுமைப்பெட்டி பொருத்தி, தொழிற்சாலையிலிருந்தே பிக்கப் வண்டியாக 281 டாலர் விலையில் விற்கத் தொடங்கியது. சுமையோடு மெதுவாக மேடேறும்போது எஞ்சின் கடுமையாக உழைக்கும். எதிர்க்காற்றோ குறைவாக இருக்கும். பிக்கப் வண்டிக்கும் சூட்டுக்குமான தொடர்பு அதன் வேலையிலேயே இருக்கிறது.

மூடியின் மேல் ஒரு வெப்பமானி

மாடல் டி வண்டியின் முகப்பில் வெப்பம் காட்டும் கருவி எதுவும் இல்லை. ரேடியேட்டரிலிருந்து ஆவி எழுந்த பிறகே ஓட்டுநருக்குச் செய்தி தெரியும். இக்குறையைத் தீர்க்க 1910-களில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற கருவி விற்பனைக்கு வந்தது. ரேடியேட்டர் மூடியின் மேல் நின்ற அந்த வெப்பமானியை இருக்கையிலிருந்தே பார்க்கலாம். அது அளந்தது நீரின் வெப்பத்தை அன்று. நீருக்கு மேலே உள்ள ஆவியின் வெப்பத்தை.

பின்னர் வெப்பமானி முகப்புப் பலகைக்கு இடம் மாறியது. முதலில் வந்தவற்றில் ஈதர் போன்ற எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த குமிழ் எஞ்சினில் இருக்கும். அதன் ஆவியழுத்தம் மெல்லிய குழாய் வழியே வந்து முள்ளை நகர்த்தும். அடுத்து மின்சார அளவிகள் வந்தன. வகை எதுவானாலும் ஓர் உண்மை மாறவில்லை. முள் காட்டுவது தன் சென்சார் இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே. நீர் குறைந்து சென்சார் காற்றில் நின்றால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதும் முள் கீழே இறங்கலாம்.

பம்ப், தெர்மோஸ்டாட், கிளைக்கால்

எஞ்சினின் திறன் கூடியபோது தானாகச் சுற்றும் நீர் போதவில்லை. மாடல் டி-க்கு அடுத்து வந்த மாடல் ஏ வண்டியில் ஃபோர்டு நீர்ப் பம்பைச் சேர்த்தது. பம்பும் காற்றாடியும் பெல்ட்டால் சுழன்றன. ஆகவே பெல்ட் நழுவுவது, பம்பின் சீல் தேய்ந்து நீர் கசிவது என்ற புதிய கோளாறுகளும் கூடவே வந்தன.

சூடு கூடுவது மட்டுமன்று, குறைவதும் கேடுதான். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுமையாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயை நீர்க்கச் செய்யும். குளிர்காலத்தில் ரேடியேட்டரை அட்டையால் மறைத்து ஓட்டியவர்கள் உண்டு. இதற்கான நிலையான தீர்வு தெர்மோஸ்டாட். 1914-இல் அறிமுகமான காடிலாக் வி-8 எஞ்சினில் நீரோட்டத்தைத் தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்தியது. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய மெழுகு வகை, பின்னாளில் உலகெங்கும் பரவியது. மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். ஆறினால் சுருங்கி மூடும்.

நீர் உறைந்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைந்து பிளாக்கையே பிளந்துவிடும். தொடக்கத்தில் இதைத் தடுக்க ஆல்கஹால் கலந்தார்கள். ஆனால் மெத்தில் ஆல்கஹால் 65 பாகை செல்சியசிலேயே கொதிப்பதால் ஓட ஓடக் குறைந்துபோகும். 1927-இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் சந்தைக்கு வந்தது. அதன் கொதிநிலை 197 பாகை. நீரும் கிளைக்காலும் சமபாகமாகக் கலந்த கூலன்ட், –37 பாகை அளவு வரை உறையாது.

வி-8 எஞ்சின் தந்த பாடம்

1932-இல் ஃபோர்டு மலிவான வண்டிகளுக்கான 'ஃபிளாட்ஹெட்' வி-8 எஞ்சினை வெளியிட்டது. வலுவுக்குப் புகழ்பெற்ற அது, சூட்டுக்கும் பெயர்பெற்றது. காரணம் அதன் அமைப்பிலேயே இருந்தது. வால்வுகள் பிளாக்குக்குள் நடுப்பகுதியில் இருந்தன. எரிந்த புகையோ வெளிப்பக்கமாக வெளியேற வேண்டும். ஆகவே புகைவழிகள் நீர் சூழ்ந்த பிளாக்குக்கு உள்ளேயே சென்றன. வெளியே போக வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதி நீருக்குள் திரும்பியது.

தொடக்கத்தில் இரண்டு பம்புகள் சிலிண்டர் ஹெட்டுகளின் முன்புறத்திலிருந்து சூடான நீரை உறிஞ்சின. 1937-இல் அவை பிளாக்கின் முன்புறத்துக்கு மாற்றப்பட்டு, ஆறிய நீரை உள்ளே தள்ளின. நிலைமை மேம்பட்டது, அடிப்படைக் குறை நீடித்தது. 1948-இல் தொடங்கிய எஃப் வரிசை பிக்கப் வண்டிகளிலும் இந்த எஞ்சின் இடம்பெற்றது. 1954-இல் மேல்வால்வு அமைப்புள்ள வி-8 அதன் இடத்துக்கு வந்தது. எல்லாச் சூடும் பழுதால் வருவதன்று, சில சூடு வடிவமைப்பிலேயே உள்ளது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

அழுத்த மூடி

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அழுத்த மூடி பரவலாயிற்று. மூடி நீரை அழுத்தத்தில் வைத்தால் அதன் கொதிநிலை உயரும். ஒரு பவுண்டு அழுத்தத்துக்கு ஏறத்தாழ 1.6 பாகை கூடும். 15 பவுண்டு மூடியின் கீழ் வெறும் நீர்கூட 120 பாகை வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்தால் இந்த ஆதாயம் போய்விடும். வேறு பழுது இல்லாமலே வண்டி கொதித்து வழியும்.

இதிலேயே பேராபத்தும் உண்டு. 110 பாகையில் அமைதியாக இருக்கும் நீர், மூடியைத் திறந்த கணத்தில் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது.

முள்ளை நம்பலாமா?

1950-களின் நடுவிலிருந்து 1980-கள் வரை வந்த பல ஃபோர்டு பிக்கப்களில், எரிபொருள் அளவியும் வெப்ப அளவியும் ஒரே சிறு மின்னழுத்தச் சீராக்கியிலிருந்து மின்சாரம் பெற்றன. பேட்டரியின் 12 வோல்ட்டை அது சராசரியாக 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்தே தவறு காட்டும். வெப்ப முள் ஏறும்போது எரிபொருள் முள்ளும் காரணமின்றி ஏறினால், ஐயப்பட வேண்டியது எஞ்சினையன்று, சீராக்கியை.

சென்சாரின் கம்பியைக் கழற்றியதும் முள் குளிர்ப்பக்கம் விழ வேண்டும். விழாவிட்டால் கம்பி எங்கோ உடலில் உரசுகிறது. இவற்றைப் பார்த்த பின், தெர்மோஸ்டாட் கூட்டின் அருகே அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து முள்ளோடு ஒப்பிடலாம்.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

உண்மையிலேயே சூடு இருக்கிறது என்று உறுதியானால், அது எப்போது ஏறுகிறது என்பதே அடுத்த கேள்வி.

நிற்கும்போதும் நெரிசலிலும் சூடாகி, வேகமாக ஓடும்போது தணிந்தால் குறை காற்றோட்டத்தில். காற்றாடி, ஃபேன் கிளட்ச், பெல்ட், காற்றாடியைச் சுற்றிய உறை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வேகத்திலும் மேட்டிலும் சூடாகி, நின்றால் தணிந்தால் குறை பெரும்பாலும் நீரோட்டத்தில். உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைபட்டிருக்கலாம். கீழ்க் குழாய் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், அது தளர்ந்திருந்தால் வேகத்தில் சப்பையாகி நீரைத் தடுக்கும்.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே கொதித்து, மேல் குழாய் மட்டும் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். வெகுநேரம் ஓடியும் சூடேறாவிட்டால் அது திறந்தபடி நின்றுவிட்டது.

வெளியே கசிவு இல்லாமல் நீர் குறைவது, ரேடியேட்டரில் குமிழி, வெள்ளைப் புகை, பால் போல வெளுத்த எண்ணெய் ஆகியவை ஹெட் கேஸ்கட் போனதைக் காட்டும். ரேடியேட்டரின் வாயிலிருந்து எடுத்த காற்றை நீலநிறச் சோதனைத் திரவத்தில் செலுத்திப் பார்ப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடு குறையும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு. ஆனால் எஞ்சின் மிகச் சூடான நிலையில் நல்ல தெர்மோஸ்டாட் முழுவதும் திறந்தே இருக்கும். ரேடியேட்டர் அடைபட்டிருந்தால் அதைக் கழற்றுவதால் பெரிய பயன் இல்லை. மற்ற நேரங்களில் எஞ்சின் போதிய சூடின்றி ஓடித் தேய்வதே மிச்சம்.

நீர்மட்டம், முள்ளின் உண்மை, சூடேறும் நேரம் ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் பார்ப்பதற்குப் பெரிதாகச் செலவில்லை. உறுப்புகளை மாற்றுவது அதன் பிறகே வர வேண்டும்.