சிறு தீவில் ஏற்றிய கல்வி விளக்கு

பங்கு யூபிலி காணும் வேளையில், எழுப்பிய ஆலயத்தையும் செலவிட்ட தொகையையும் கணக்கெடுப்பது நம் வழக்கம். நம் பள்ளிகளில் படித்துச் சென்ற பிள்ளைகளின் கணக்கையோ நாம் எழுதிவைப்பதில்லை. அக்கணக்கு எத்துணை பெரிது என்பதை உணர்த்தக் கடல்கடந்த பள்ளி ஒன்றின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

கரிபியன் கடலில் செயின்ட் லூசியா என்றொரு தீவு உண்டு. கன்னியும் மறைசாட்சியுமான புனித லூசியாவின் பெயர் தாங்கியது. பரப்பளவு 617 சதுர கிலோமீட்டர்தான். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிக் கைப்பற்றிய இத்தீவு, 1814-இல் ஆங்கிலேயர் வசமே நிலைத்தது. ஆட்சிமொழி ஆங்கிலமாயிற்று, ஆயினும் மக்கள் பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழியைப் பேசினர். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்தோரின் வழிவந்த அம்மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

தலைநகரான காஸ்ட்ரீஸில் 1890-ஆம் ஆண்டு கத்தோலிக்கக் குருக்கள் ஆண்பிள்ளைகளுக்காகப் புனித மரியாள் கல்லூரியைத் தொடங்கினர். கல்லூரி என்பது பெயரே. உண்மையில் அது உயர்நிலைப்பள்ளி. 1940-களில் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைச் சகோதரர்கள் வந்து அதன் பொறுப்பை ஏற்றனர். லத்தீனும் பிரெஞ்சும் ஆங்கில இலக்கியமும் கணிதமும் அங்கே கண்டிப்புடன் கற்பிக்கப்பட்டன. மேற்படிப்புக்குக் கடல்கடந்து செல்ல ஏழை மாணவனுக்கு இருந்த வழி அரசு உதவித்தொகை ஒன்றே.

அப்பள்ளியில் பயின்றவர் ஆர்தர் லூயிஸ். 1915-இல் பிறந்த அவர் ஏழு வயதில் தந்தையை இழந்தார். ஐந்து ஆண்மக்களையும் தாயே வளர்த்து ஆளாக்கினார். பள்ளிப் பாடங்களைப் பதினான்கு வயதிலேயே முடித்துவிட்ட லூயிஸ், உதவித்தொகைத் தேர்வு எழுத வயது போதாமையால் அரசு அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிசெய்து காத்திருந்தார். 1932-இல் தேர்வில் வென்றார். பொறியாளராக வேண்டும் என்பதே அவர் ஆசை. ஆனால் கறுப்பருக்கு அவ்வேலையை எவரும் தரமாட்டார் என்றறிந்து, இலண்டனில் வணிகவியல் பயின்றார். ஏழை நாடுகளில் வேளாண்மையில் மிஞ்சிக் கிடக்கும் உழைப்பாளர் தொழில்துறைக்குச் செல்லும்போது வளர்ச்சி எவ்வாறு உண்டாகிறது என்பதை 1954-இல் விளக்கினார். 1979-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். தீவு விடுதலை அடைந்ததும் அதே ஆண்டில்தான்.

மற்றொருவர் கவிஞர் டெரெக் வால்காட். 1930-இல் பிறந்து, ஒரு வயதில் தந்தையை இழந்தவர். அவர் தாய் மெத்தடிஸ்ட் சபைப் பள்ளி ஆசிரியை. தையல் வேலையும் செய்து பிள்ளைகளை வளர்த்தார். 1948-இல் மகனின் முதல் கவிதை நூலை அச்சிட இருநூறு டாலர் கொடுத்தவரும் அத்தாயே. 1992-இல் வால்காட் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். இருவரும் பிறந்த நாள் ஜனவரி 23 என்பது வியப்பே!

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பதினான்கு வயதில், 1944-இல், வால்காட் உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு கவிதை வெளியிட்டார். இறைவனை இயற்கையில் காண்பதாக அதில் பாடியிருந்தார். அது தேவநிந்தனை என்று கத்தோலிக்கக் குரு ஒருவர் அதே தாளில் செய்யுளாலேயே கண்டித்தார். ஊரார் முன்னிலையில் அச்சிறுவன் பட்ட வேதனையை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். கத்தோலிக்கரல்லாத பிள்ளைக்குக் கதவு திறந்து கல்வி ஈந்ததும் நம் திருச்சபையே. அப்பிள்ளை வாய்திறந்தபோது அதட்டியதும் நம்மவரே.

தாலந்து உவமையை நாம் ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறோம். பிள்ளையின் தாலந்தை அவனே மண்ணில் புதைத்தால் கண்டிக்கிறோம். பெரியோராகிய நாம் அதைப் புதைத்தால் கண்டிப்பார் யார்? அக்கவிச்சிறுவன் எழுதுவதை நிறுத்தவில்லை. அது இறைவன் அருள், அவன் தாயின் துணிவு. அத்தகைய துணை வாய்க்காமல் அடங்கிப்போன பிள்ளைகள் எத்தனைபேரோ!

ஆதலின், இந்த யூபிலியின் நினைவாக நம் பள்ளிகளின் வாயிலில் எந்தப் பிள்ளையையும் எச்சபை, எம்மதம் என்று கேளாதிருப்போம். அது கேட்கும் கேள்விக்குச் சினமின்றிச் செவிசாய்ப்போம். தந்தையற்ற பிள்ளைக்கும் தையல்காரி மகனுக்கும் முதல் வரிசையில் இடமளிப்போம். ஒளியின் பெயர்கொண்ட புனித லூசியா நமக்காக மன்றாடுவாராக!