கோயில் ஆண்டுவிழாவும் நாடக இசையும்

தமிழகத்தில் நாடகக்கலை கோயிலைச் சார்ந்து வளர்ந்தது என்பது அறிஞர் பலரும் உடன்பட்ட முடிபாகும். ஆயின், ‘கோயில்’ என்னும் சொல்லை ஆராய்ச்சியாளர் எத்துணை விரிந்த பொருளில் கொண்டுள்ளனர் என்பது வினாவுதற்குரியது. கிறித்தவர்தம் ஆலயங்களையும் தமிழ்மக்கள் கோயில் என்றே வழங்குவர். அவ்வாலயம் திருநிலைப்படுத்தப்பெற்ற நாளை நெல்லைநாட்டுச் சீர்திருத்தச் சபையார் ‘பிரதிட்டைப் பண்டிகை’ எனப் போற்றுவர். வழிபாட்டோடு பாட்டும், கதைதழுவிய கூத்தும், ‘அசனம்’ என்னும் பொதுவிருந்தும் அவ்விழாவில் இடம்பெறுதல் உண்டு. இவ்விழா இசைக்கு இலக்கிய வரலாற்றில் உரிய இடம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண், நிலத்தின் இயல்பை நோக்குவோம். சங்கரன்கோவில், ஆடித்தபசு விழாவால் பெயர்பெற்ற ஊர். அதனை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகன்மீது காவடிச்சிந்து பாடினார். 2019ஆம் ஆண்டு முதல் இவ்வூரையும் தன்னகத்தே கொண்ட தென்காசி மாவட்டத்திலேதான் திருக்குற்றாலக் குறவஞ்சி பிறந்த மேலகரமும் உள்ளது. இவ்விரு நூல்களும் தனித்திருந்து கற்பதற்கென எழுந்தவை அல்ல. விழாக்கூட்டத்தின் நடுவே பாடுதற்கும் ஆடுதற்கும் எழுந்தவை. இச்சூழலில் தோன்றிய கிறித்தவப் பாடல் மட்டும் வேறுவழியில் சென்றிருத்தல் இயலாது.

பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் எழுப்பிய சிற்றாலயத்தை 1785ஆம் ஆண்டு சுவார்ட்சு ஐயர் பிரதிட்டை செய்தார். நெல்லைச் சீர்திருத்தச் சபையின் தொடக்கமாக இது கருதப்பெறும். 1774இல் நெல்லையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், ஏறத்தாழ அக்காலத்தே சுவார்ட்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பெற்றார். அங்கு அவரோடு அவ்வாசிரியரிடம் பயின்றவர், பின்னர் 1798 முதல் 1832 வரை அரசு கட்டிலில் வீற்றிருந்த சரபோசி மன்னர்.

இவ்விருவர் தொடர்பு நாடக வரலாற்றில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மன்னரைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி, பெருவுடையார் கோயில் விழாவில் ஆடப்பெற்றது. மன்னரின் உடன்பயின்றவரோ, இயேசுபெருமானைத் தலைவராகக் கொண்டு பெத்லகேம் குறவஞ்சி பாடினார். உலா, தலைவியின் காதல், குறத்தி குறிசொல்லல், சிங்கன் பறவை பிடித்தல் என்னும் உறுப்புக்கள் மாறவில்லை, பொருள் மாறிற்று. தலைவி தேவமோகினி, திருச்சபையின் உருவகம் ஆனாள். பறவை பிடித்தல், ஆன்மாக்களைத் திரட்டும் உபதேசியின் தொண்டாயிற்று. ஞாயிற்றைக் கோள்கள் சுற்றிவரும் என்னும் கொப்பர்னிக்கசின் வானியற் கருத்தும் அந்நூலுள் இடம்பெற்றது. ஒரு பழைய கூத்துவடிவம் புதிய சமயத்தையும் புதிய அறிவியலையும் ஒருங்கே தாங்கும் ஆற்றலுடையது என்பது இதனால் பெறப்படும்.

சாஸ்திரியார் தம் பாடல்களை ஏட்டில் எழுதிவைத்ததோடு அமையாது, சபைகளில் தாமே பாடி விளக்கினார். அம்மரபை அவர் வழியினரும் காத்து வந்தனர். வேடம் புனைந்து ஆடும் நாடகம் ஒருபாலும், பாடியே கதையைக் காட்சியாக்கும் காலட்சேபம் மறுபாலுமாக நிற்க, அவர் நூல் இரண்டிற்கும் இடையே நின்றது. ஈழத்து மன்னாரில் கத்தோலிக்கர் ஆடிய ‘வாசாப்பு’ நாடகங்களும் கோயில் விழாக்களைச் சார்ந்தே வாழ்ந்தன என்பது ஒப்புநோக்கத்தக்கது.

இம்மரபு எதிர்ப்பின்றி வளர்ந்ததன்று. 1820களில் தஞ்சைக்குப் புதிதாக வந்த மறைப்பணியாளர், தமிழிசையும் தமிழ்க் கருவிகளும் வழிபாட்டில் இடம்பெறுதலை விரும்பவில்லை. சாஸ்திரியார் அதனைக் கடுமையாக மறுத்தெழுதினார். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியார் பாடல்கள் பல அதனுள் இடம்பெற்றன. 1864இல் மறைந்த புலவர், தம் வாழ்நாளிலேயே அவ்வழக்கில் வெற்றி கண்டார் எனலாம்.

எனினும், அவ்வழக்கின் மற்றொரு பகுதியை மறைத்தல் வரலாற்றிற்கு அறமாகாது. தமிழிசைக்காக வாதிட்ட அதே புலவர், ஆலயத்துள் சாதி வேற்றுமை நிலைத்தல் வேண்டும் என்றும் வாதிட்டார். இசையில் அவர் காத்தது மக்கட் பொதுவுடைமை. சாதியில் அவர் காக்க முயன்றதோ மக்களைப் பிரிக்கும் வேலி. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு புகழ்தலும் பிழை. ஒன்றுபற்றி மற்றொன்றை இகழ்தலும் பிழை. இன்று பிரதிட்டைப் பண்டிகையில் அவர் பாடலைப் பாடிய மக்கள், பாட்டு முடிந்தபின் ஒரே பந்தியில் அமர்ந்து அசனம் உண்பராயின், பாடலை ஏற்றுக்கொண்டு அப்புலவரின் சாதிக்கொள்கையைத் தம் செயலால் மறுத்தவர் ஆவர். ஏட்டை மட்டும் நோக்குவார்க்கு இம்மறுப்புப் புலனாகாது. விழாவை முழுதும் நோக்குவார்க்கே புலனாகும்.

ஆகவே, கிறித்தவக் குறவஞ்சியையும் கீர்த்தனையையும் ஆராயப் புகுவோர் பாடவேறுபாடு காண்பதோடு நின்றுவிடல் ஆகாது. எவ்விழாவில், எவர், எப்பண்ணில், எக்கருவியுடன் பாடினர், அவ்விழாவில் எவர் எவரோடு உடனமர்ந்தனர் என்பனவற்றையும் ஊர்தோறும் சென்று தொகுத்தல் வேண்டும். சங்கரன்கோவில் வட்டாரத்துச் சிற்றாலயங்களில் வழிவழிப் பாடிவரும் முதியோர் நினைவில் உள்ள மெட்டுக்கள் அச்சேறிய நூல்களில் இல்லை. சொல்லை அச்சு காத்தது. இசையை ஆண்டுவிழாவே காத்து வருகின்றது. அவ்விழாவின் வரலாற்றை எழுதுதல் தமிழ் நாடக வரலாற்றின் ஒரு பகுதியை எழுதுதலேயாம்.