எட்டு நொடிக்குள் ஒளிந்திருந்த பிழை

1986 மார்ச் 21 அன்று, டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரப் புற்றுநோய் மையத்தில் தெராக்-25 என்னும் கதிரியக்கக் கருவியை இயக்கியவர், எலக்ட்ரான் கதிரைக் குறிக்கும் 'இ' என்ற எழுத்துக்கு மாறாக 'எக்ஸ்' என்று தட்டிவிட்டார். உடனே திரையில் மேலேறி அதைத் திருத்தினார். 'மால்ஃபங்ஷன் 54' என்றொரு செய்தி தோன்றியது. 180 ராட் பெறவேண்டிய நோயாளியின் உடலில் 16,500 முதல் 25,000 ராட் வரை பாய்ந்திருக்கும் எனப் பின்னர் மதிப்பிட்டனர். ஐந்து மாதங்களில் அவர் இறந்தார்.

தயாரிப்பு நிறுவனமான கனடா அணுசக்திக் கழகத்தின் பொறியாளர்கள் கருவியைச் சோதித்துக் குறை எதையும் காணவில்லை. ஏப்ரல் 7இல் கருவி மீண்டும் இயங்கலாயிற்று; 11ஆம் நாள் அதே இயக்குநர், அதே செய்தி, மற்றொரு நோயாளி. மூன்று வாரங்களில் அவரும் மாண்டார்.

பிழையை வெளிக்கொணர்ந்தவர்கள் அம்மையத்தின் இயற்பியலாளரும் அந்த இயக்குநருமே. விசைப்பலகையைக் கவனிக்கும் பணியும் சிகிச்சையை நடத்தும் பணியும் பொது மாறிகளைப் பூட்டு ஏதுமின்றிப் பகிர்ந்துகொண்டன. காந்தங்கள் நிலைகொள்ள ஏறக்குறைய எட்டு நொடிகள் ஆகும். அதற்குள் செய்த திருத்தம் திரையில் தெரிந்தது. சுழல்மேடையும் எலக்ட்ரானுக்கு ஏற்பத் திரும்பியது. கதிரின் வலிமையோ எக்ஸ் கதிருக்குரியதாகவே நின்றது. முதலில் நிறுவனப் பொறியாளரால் இதை மீளக் காட்ட இயலவில்லை. மிக விரைவாகத் தட்டவேண்டும் என்று இயற்பியலாளர் விளக்கிய பிறகே இயன்றது. பழகிய விரல்களின் வேகம் சோதனைத் திட்டத்தில் இடம்பெறாமற்போனதே இங்கு நிகழ்ந்த பெருங்குறை.

முந்தைய தெராக்-20இலும் இப்பிழை இருந்தது. சிகாகோவில் புதிய மாணவர்கள் பயிலவந்த போதெல்லாம் அக்கருவியின் ஃபியூஸ்கள் எரிந்தன; மனம்போன போக்கில் தட்டிய அவர்களே அறியாமல் நல்ல சோதனையாளர்களாயினர். அங்கு வன்பொருள் தடைகள் உயிர்களைக் காத்தன. தெராக்-25இல் அத்தடைகளை நீக்கி மென்பொருளையே நம்பினர்.

1987 ஜனவரியில் யாக்கிமா நகரில் நேர்ந்த விபத்துக்குக் காரணம் வேறொரு பகிர்மாறி. ஒரு பைட் அளவேயான அது ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடி, 256ஆம் சுற்றில் சுழியமாயிற்று. அக்கணம் பாதுகாப்புச் சரிபார்ப்பு நிகழாது. சரியாக அக்கணத்தில் 'செட்' பொத்தானை அழுத்தினாலன்றிப் பிழை வெளிப்படாது. எத்தனை முறை சோதித்தாலும் அது தப்பியிருக்கக்கூடும். திருத்தமோ மிகச் சிறிது: ஒன்றைக் கூட்டுவதற்கு மாறாக, சுழியமல்லாத நிலையான ஓர் எண்ணை அம்மாறியில் இட்டனர்.