இரண்டு ஜான்கள்: நியூட்டன் கண்ட சமாதானமும் வுல்மன் கண்ட சமாதானமும்

நீதியாக நடக்காமல் ஆத்தும நிறைவு கிடைக்குமா? இந்தக் கேள்வியோடு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர் இருவரை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஜான் நியூட்டன் 1725-ல் லண்டனில் பிறந்தவர். 'அமேசிங் கிரேஸ்' பாடலால் உலகம் அறிந்தவர். ஜான் வுல்மன் 1720-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர்; குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தையற்காரர். நம் சபைகளில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்களே அரிது. இருவர் முன்பும் அடிமை வணிகம் வந்து நின்றது.

நியூட்டன் கதை நமக்குத் தெரிந்ததுதான். 1748 மார்ச்சில் அவர் பயணம் செய்த 'கிரேஹவுண்ட்' கப்பல் புயலில் சிக்கியது. சாவின் விளிம்பில் அவர் இறைவனிடம் இரக்கம் கேட்டார். மேடைகளில் இந்தக் கதை புயலிலிருந்து நேரே பாடலுக்குப் போய்விடுகிறது. இடையில் நடந்ததோ நெஞ்சைப் பிசைகிறது. மனந்திரும்பிய பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார். 1750-லிருந்து 1754 வரை 'டியூக் ஆஃப் ஆர்கைல்', 'ஆப்பிரிக்கன்' என்ற கப்பல்களில் மூன்று பயணங்கள் போனார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கோடு கிடந்தார்கள். உண்மையை வரவழைக்கச் சிறுவர்களின் விரல்களில் நெரிகருவி பூட்டியதைத் தம் குறிப்பேட்டில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

1764-ல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் சொல்லும் ஒன்று என்னை விடவே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி கடற்கரைக்குப் போன கடைசி இரண்டு பயணங்களில் வாய்த்ததைவிட இனிமையான தெய்வ உறவை வேறு எப்போதும் அறிந்ததில்லை என்கிறார். விலங்கும் சங்கிலியுமான வேலை அவருக்குப் பிடிக்கவில்லை, சிறைக்காவலன்போல் உணர்ந்தார், இதைவிட மனிதத்தன்மையுள்ள தொழில் வேண்டுமென்று ஜெபித்தும் இருக்கிறார். ஆனால் அந்த வணிகம் பாவம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. 1754-ல் அவரைக் கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவந்தது மனசாட்சி அல்ல, உடல்நலக்குறைவு.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஜெபத்தில் அவர் கண்ட இனிமை உண்மையானது. அதனால்தான் அது அச்சம் தருகிறது.

அதே 1754-ல், அடிமை வைத்திருப்பதற்கு எதிரான வுல்மனின் முதல் நூல் அச்சாகி வெளிவந்தது. அதன் வேர் அவர் இளம் வயதில் இருக்கிறது. நியூ ஜெர்சியின் மவுண்ட் ஹாலியில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, முதலாளி தம்மிடமிருந்த கறுப்பினப் பெண்ணை விற்று, விற்பனைப் பத்திரம் எழுதச் சொன்னார். வுல்மன் எழுதிக் கொடுத்தார். ஆனால் மனம் கலங்கி, இது கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாதது என்று முதலாளியிடமும் வாங்கியவரிடமும் அங்கேயே சொன்னார். அடுத்த முறை இன்னொருவர் கேட்டபோது மறுத்துவிட்டார். அடிமைகளைச் சொத்தாகப் பிரித்துக் கொடுக்கும் உயில்களை எழுதவும் மறுத்தார். மரணப் படுக்கை என்று நினைத்து ஒருவர் உயில் எழுத அழைத்தபோது, அடிமைப் பெண்ணைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதினார், இருவரும் பேசினார்கள், கடைசியில் அந்தப் பெண்ணுக்கு விடுதலை கிடைத்தது.

அவருடைய அமைதி இப்படித்தான் வந்தது, ஒவ்வொரு மறுப்புக்குப் பிறகும். கடை வியாபாரம் பெருகி மனதை இழுத்தபோது அதைச் சுருக்கி, தையலும் பழத்தோட்டமும் போதும் என்றார். அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தொடவில்லை. சாயம் போட்ட துணியை உடுத்தவில்லை. அடிமை வைத்திருந்தவர் வீட்டில் தங்க நேர்ந்தால், தமக்கு ஊழியம் செய்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். 1772-ல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, கப்பலின் அலங்கார அறையை வேண்டாமென்று சொல்லி மாலுமிகளோடு அடித்தளத்தில் பயணம் செய்தார். இங்கிலாந்தில் குதிரைகளையும் வண்டிச் சிறுவர்களையும் வதைக்கும் விரைவு வண்டிகளில் ஏறாமல் நடந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் யார்க் நகரில் பெரியம்மையில் இறந்தார்.

இது கிரியைகளால் இரட்சிப்பைச் சம்பாதிக்கும் முயற்சி என்று சிலர் சொல்லக்கூடும். அவர் நாட்குறிப்பை வாசிப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. வுல்மனுக்கு நீதி என்பது கிருபைக்குக் கொடுக்கும் விலையல்ல, கிருபையின் குரலைக் கேட்கும் காது. மனம் கலங்கினால், அதை ஜெபத்தால் அடக்காமல், இறைவன் எதையோ காட்டுகிறார் என்று நின்று பார்த்தார். நியூட்டனும் கலங்கினார், ஆனால் கலக்கத்தைத் தம் வேலையின் பாரமாக மட்டுமே எடுத்துக்கொண்டார்.

நியூட்டனை இங்கே விட்டுவிடுவது அநீதி. போதகரான பின், 1785-ல் தம்மைத் தேடிவந்த நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸை அரசியலிலேயே இருந்து பணியாற்றச் சொன்னார். 1788-ல் அடிமை வணிகத்தைக் கண்டித்து எழுதிய சிறுநூலில், தம் குற்றத்தை மறைக்காமல், ஒப்புக்கொள்ளக் காலம் கடந்துவிட்டது என்றும் சொன்னார். நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்த 1807-லேயே, டிசம்பரில் இறந்தார். அந்த முதிய நியூட்டனை நான் பெரிதும் மதிக்கிறேன். அவருடைய ஆத்தும வாழ்வு அந்த ஒப்புதலில்தான் முழுமை பெற்றது, கினி கடற்பயணத்தின் இனிய வேளைகளில் அல்ல என்பதே என் முடிவு.

ஓய்வுநாள் பள்ளியில் நியூட்டன் கதையைச் சொல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1748-க்கும் 1788-க்கும் இடையிலுள்ள நாற்பது ஆண்டுகளை விட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு வுல்மனையும் அறிமுகப்படுத்துங்கள்.